பஸ்ஸுல எனக்கு மட்டும் வராத கார்டு

எல்லாருக்கும் கொடுத்தா. எனக்கு மட்டும் கொடுக்கல!

காலையில அஞ்சரை மணி இருக்கும். ஜொகூர் பாருவிலேர்ந்து சிங்கப்பூர் ஃபேக்டரிக்கு எங்களை ஏத்திக்கிட்டுப் போற பஸ். முன் சீட்டுல ஆரம்பிச்சு, ஒவ்வொரு சீட்டுக்கிட்டயும் நின்னு, சிரிச்சு, தன் கல்யாணக் கார்டை நீட்டிக்கிட்டே வர்றா என் தோழி. மூலையில மஞ்சள் தடவின கார்டு. டிரைவருக்கு ஒண்ணு. எப்பவும் தூங்கிக்கிட்டே வர்ற சீனப் பொண்ணுக்கு, எழுப்பி உக்கார வச்சு ஒண்ணு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத ஸ்டோர் அண்ணனுக்கு ஒண்ணு, அவரு பேருகூட இவளுக்குத் தெரியாது! அப்புறம் என் பக்கத்துல வந்து, "தள்ளிக்கோடி"ன்னு உக்காந்து, பையை மூடி, கண்ணையும் மூடிட்டா.

நான் பாத்துட்டேன். பையில இன்னும் ரெண்டு மூணு கார்டு இருந்துச்சு.

அப்போ எனக்குள்ள என்ன ஆச்சுன்னு சொல்றேன், சிரிக்கக் கூடாது. காது ரெண்டும் சூடாச்சு. பஸ் சிங்கப்பூர்ப் பாலத்துல ஏறி இறங்கறதுக்குள்ள நான் தீர்ப்பே எழுதிட்டேன்: இவ என்னைக் கழட்டி விட்டுட்டா.

கல்யாணம் முடிஞ்சா அவ வேலையை விடறா. மாப்பிள்ளைக்கு ஊரு மெர்சிங். அங்கேயே குடித்தனம். தினம் காலையில பக்கத்து சீட்டுல இருந்த ஆளு இனிமே ரெண்டு மணி நேரத் தூரத்துல. அதையாவது பொறுத்துக்கலாம். பொண்ணுக்குத் தோழியா மணவறையில என்னைத்தான் பக்கத்துல நிறுத்துவான்னு நான் ரெண்டு மாசமா காத்துக்கிட்டு இருந்தேன். அவ கேக்கல. நானும் கேக்கல. நானா எப்படிக் கேக்கறது? எனக்கு வெக்கம் மானம் இல்லையா? இப்போ தோழி என்ன தோழி, கார்டே இல்ல!

அவ எனக்கு யாருன்னு முதல்ல சொல்லிடறேன். ஆறு வருஷத்துக்கு முந்தி, நான் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது நாள். எல்லையில, ரெண்டு நாட்டு கஸ்டம்ஸ்லயும் பஸ்ஸை விட்டு இறங்கணும், மாடி ஏறணும், பாஸ்போர்ட்டைக் காட்டணும், மறுபடியும் கீழ இறங்கி ஓடணும். பஸ் யாருக்காகவும் நிக்காது. அன்னைக்குப் பாத்து என் செருப்பு வாரு அறுந்து போச்சு. ஒத்தைச் செருப்போட நொண்டி நொண்டி வர்றேன், பஸ் கதவு மூடுது. முன்ன பின்ன தெரியாத ஒருத்தி கதவுக்கு நடுவுல காலை விட்டு, "நில்லுங்க அங்கிள், எங்க ஆளு வருது!"ன்னு கத்தினா. எனக்காக ஒரு பஸ்ஸை நிறுத்தின முதல் ஆளு அவதான்.

ஆனா அவகிட்ட ஒரு பழக்கம். கஸ்டம்ஸ்ல கால் வச்சா ஓட்டம்தான், திரும்பியே பாக்க மாட்டா. நான் பின்னாடி வரேனா, விழுந்தேனா, ஒண்ணும் பாக்க மாட்டா. ஆறு வருஷமா தினமும் மாடிப்படியில நின்னு அவ முதுகைப் பாப்பேன். இன்னைக்குத் திரும்புவாளா? திரும்ப மாட்டா. நான் மூச்சு வாங்கிக்கிட்டு பஸ்ஸுல ஏறினா, அவ பக்கத்து சீட்டுல ஒரு டிஷு பாக்கெட் இருக்கும். சீட்டுல டிஷு பாக்கெட் இருந்தா அது யாருக்கோ பிடிச்சு வச்ச இடம்னு இங்க பச்சைப் புள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனா வீட்டுக்குப் போனா என் மனசுல அந்த டிஷு பாக்கெட் நிக்காது, முதுகுதான் நிக்கும்.

என் வேலை அப்படி, நானும் அப்படி. ஃபேக்டரியில மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சு, சர்க்யூட் போர்டுல எங்க விரிசல், எங்க ஈயம் சரியா ஒட்டலன்னு நாள் பூரா தேடறேன். வெளிய வந்து மனுஷங்க மூஞ்சியிலயும் அதையேதான் தேடறேன். யாராவது மெசேஜுக்கு வெறும் கட்டை விரல் மட்டும் அனுப்பினா, ஏன் வார்த்தை இல்லன்னு ஒரு சாயங்காலம் பூரா யோசிப்பேன். பாத்துட்டுப் பதில் போடலன்னா கேக்கவே வேணாம். யாரு மனசுல என்ன ஓடுதுன்னு பாத்த உடனே சொல்லிடுவேன்னு எனக்கு ஒரு பெருமை வேற! என்ன, நான் படிக்கிற எல்லா மனசுலயும் ஒரே விஷயம்தான் எழுதியிருக்கும். இவ நமக்கு வேணாம், அவ்வளவுதான்.

அன்னைக்கு பஸ்ஸுல பழைய கணக்கெல்லாம் கிளம்பி வந்துச்சு. போன மாசம் என்னோட பச்சை ஜாக்கெட்டை வாங்கிட்டுப் போனா, மாதிரிக்கு வேணும்னு. திருப்பிக் கொடுத்தாளா? இல்ல. போன வாரம் நான் பேசிக்கிட்டே இருக்கேன், அவ போனைப் பாத்தா. பாத்தாளா இல்லையா? பாத்தா! சேத்து வச்சுப் பாருங்க, தெரியலையா உங்களுக்கு? எனக்குத் தெரிஞ்சுச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் அவகிட்டேர்ந்து மெசேஜ். "நாளைக்கு வீட்டுல இருப்பதானே?" திறக்காமலே மேலாப்ல படிச்சுட்டேன். ஓஹோ! மிஞ்சிப் போன கார்டைக் கொண்டு வந்து கடமைக்குக் குடுக்கப் போறியா? நான் திறக்கல. திறந்தா நீலக் கோடு விழும், பாத்துட்டான்னு தெரிஞ்சிடும். கிடந்து தவிக்கட்டும். போனையே அணைச்சு வச்சுட்டு அம்மாகிட்ட சொன்னேன், "நாளைக்குத் தங்காக் போலாம். புடவை எடுக்கணும்."

"யாரு கல்யாணத்துக்கு?"ன்னு கேட்டாங்க அம்மா.

"யாரு கல்யாணத்துக்கும் இல்ல!"

அம்மா என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, நல்ல செருப்பை எடுத்துத் துடைக்கப் போயிட்டாங்க. ஜவுளிக்கடைன்னா அம்மாவுக்குக் காரணமே தேவையில்ல.

தங்காக் ஊரு பூரா ஜவுளிக்கடைதான், கடை கடையா ஏறி இறங்கினோம். மூணாவது கடையில ஒரு மயில் நீலப் புடவையைத் தோள்ல போட்டுக்கிட்டு, "எப்படிம்மா இருக்கு?"ன்னு திரும்பறேன். அம்மாவைக் காணோம். கல்லாவுல இல்ல. வாசல்ல இல்ல. எனக்கு முப்பத்து நாலு வயசு. கார் சாவி என் கையில இருக்கு, அம்மா எங்கயும் போயிட முடியாது. ஆனா நெஞ்சு அடிச்சுக்குது பாருங்க! தோள்ல கிடந்த புடவையோட தெருவுக்கு ஓடிட்டேன். கடைக்காரரு பின்னாடியே ஓடி வர்றாரு, திருடின்னு நினைச்சிருப்பாரு பாவம்.

பக்கத்துச் சந்துலேர்ந்து அம்மா கையைத் துடைச்சிக்கிட்டே நிதானமா வர்றாங்க.

"சொல்லிட்டுப் போகக் கூடாதா!"ன்னு ரோட்டுலயே கத்தினேன்.

"ஏன்டி, தொய்லெட் போறதுக்கும் உன்கிட்ட லீவு எழுதிக் குடுக்கணுமா?"

கடைக்காரரு சிரிச்சுட்டாரு. எனக்குச் சிரிப்பு வரல, கண்ணுல தண்ணி வந்துச்சு. அப்பதான் அம்மா என் மூஞ்சியை உத்துப் பாத்தாங்க. புடவையை வாங்கிக்கிட்டு, சாப்பாட்டுக் கடையில உக்காந்ததுக்கு அப்புறம், பால் இல்லாத தே ஓ டீயைக் கலக்கிக்கிட்டே சொன்னாங்க, "இன்னும் அது போகலையா உனக்கு?"

எது போகலைன்னு நான் கேக்கல. எனக்கு மூணு, நாலு வயசு இருக்கும்போது அம்மா ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை. அப்பா கிடையாது. என்னைப் பக்கத்து வீட்டுல விடுவாங்க. ஒரு மாசம் இந்த வீடு, அடுத்த மாசம் வேற வீடு. நான் பொம்மையோ பிஸ்கட்டோ பாத்துக்கிட்டு இருக்கிற நேரமாப் பாத்து, சொல்லாமக் கிளம்பிடுவாங்க. நிமிந்து பாத்தா அம்மா இருக்காது. "அம்மா கடைக்குப் போயிருக்கு, வந்துடும்"னு அந்த வீட்டு ஆளுங்க சொல்லுவாங்க. எந்தக் கடை காலையிலேர்ந்து இருட்டுற வரைக்கும்? அதனால நான் பொம்மையைப் பாக்கிறதை விட்டுட்டு அம்மாவைப் பாக்கக் கத்துக்கிட்டேன். பவுடர் போட்டா கிளம்பப் போறாங்க. பையை மாத்தி மாட்டினா கிளம்பப் போறாங்க. மூஞ்சி படிக்கிற என் பெருமையெல்லாம் அங்க ஆரம்பிச்சதுதான்.

"சொல்லிட்டுப் போனா நீ காலைக் கட்டிக்குவ"ன்னாங்க அம்மா. "ஒரே ஒரு நாள் கதவுகிட்ட நின்னு திரும்பிப் பாத்தேன். நீ ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற. அன்னைக்கு நான் வேலைக்கே போகல. சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதுக்கப்புறம் திரும்பிப் பாக்கிறதே இல்லன்னு வச்சுக்கிட்டேன். பாத்தா என்னால போக முடியாதுடி."

முப்பது வருஷமா இதை ஒரு வார்த்தை எங்கிட்ட சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. கோவமாவும் வந்துச்சு, பாவமாவும் வந்துச்சு. மீதி மீ நூடுல்ஸை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுட்டோம்.

நாலு மணிக்கு வீடு வந்து சேந்தோம். நாங்க இருக்கிறது நாலாவது மாடி. லிஃப்ட் ரெண்டு வாரமாக் கெட்டுக் கிடக்கு. படி ஏறி மேல வந்தா, எதிர் வீட்டு மலாய்க்கார அத்தை, மக்சிக்னு கூப்பிடுவோம், கதவைத் திறந்து வச்சுக் காத்துக்கிட்டு இருக்காங்க. "அலமாக், எங்க போனீங்க ரெண்டு பேரும்!"

மக்சிக் நடந்ததைச் சொன்னாங்க. பத்து மணிக்கு என் தோழி வந்திருக்கா. தனியா இல்ல, அவ அப்பா அம்மாவோட. மூணு பேரும் பட்டு கட்டி. கையில பெரிய தாம்பாளம், பழம், பூ, வெத்தலை. கதவு பூட்டியிருக்கு, போன் அணைஞ்சிருக்கு. மக்சிக் நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்காங்க. ஒரு மணி நேரம் பாத்துட்டுக் கிளம்பிட்டாங்க. "அவ அப்பா முழங்காலைப் பிடிச்சிக்கிட்டே இறங்கினாரு. கேசியான் லா"ன்னு மக்சிக் பரிதாபப்பட்டாங்க.

எங்க அம்மா படியிலயே உக்காந்துட்டாங்க. "அடிப் பாவி. தட்டு எடுத்துக்கிட்டு வந்திருக்காங்கடி!"

எங்க ஆளுங்களுக்கு இது புரியும். கூட வேலை செய்றவங்களுக்கு பஸ்ஸுல கார்டு கொடுத்தாப் போதும். சொந்தத்துக்கு அப்படி இல்ல. அப்பா அம்மா நல்ல நாள் பாத்து வீட்டுக்கே வந்து, தட்டு வச்சு, குங்குமம் கொடுத்து அழைக்கணும். பஸ்ஸுல எனக்குக் கார்டு வராததுக்கு அர்த்தம் அதுதான்! என்னை பஸ் கணக்குல சேக்கல, வீட்டுக் கணக்குல சேத்திருக்கா. மெசேஜ் போட்டுக் கேட்டும் இருக்கா. மூஞ்சி படிக்கிற மகாராணி நான், அந்த ஒரு வரியைத் திறக்காம, தட்டோட வந்தவங்க முன்னாடி வீட்டைப் பூட்டிட்டுப் போயிருக்கேன்!

போனை ஆன் பண்ணேன். ஒன்பது மிஸ்ட் கால். கடைசியா ஒரு மெசேஜ், "சரி."

நான் போன் பண்ணேன், எடுக்கல. மறுபடியும் பண்ணேன், எடுக்கல. பழைய நானா இருந்தா அதோட கதவைச் சாத்தி, போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்திருப்பேன். அம்மாதான் எந்திரிச்சாங்க. "சாவியை எடு. நாமளே போலாம்." சந்தைக்கடையில ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கிட்டு, அவ வீடு இருக்கிற மாசாய்க்குக் காரை விரட்டினேன். எத்தனை சிவப்பு விளக்கு பாருங்க அந்த ரோட்டுல, எல்லாம் என் நேரத்துக்குன்னே எரியுது! நான் ஸ்டியரிங்கை அடிக்கிறேன், அம்மா என் தொடையை அடிக்கிறாங்க.

கதவை அவதான் திறந்தா. பட்டைக் கழட்டிட்டுப் பழைய டி-ஷர்ட்டுல இருந்தா. கண்ணு வீங்கியிருந்துச்சு. உள்ள அவ அப்பா முழங்காலுக்குத் தைலம் தேச்சுக்கிட்டு இருந்தாரு. அவ அம்மா எங்களைப் பாத்து "வாங்க"ன்னு சொன்னாங்க, அவ்வளவுதான். மேசை மேல அந்தத் தாம்பாளம், துணி மூடி, அப்படியே இருந்துச்சு.

"எதுக்கு வந்த?"ன்னா.

"அழைப்பு கேட்டு வாங்க வந்திருக்கேன்."

எங்க அம்மா என் இடுப்பைக் கிள்ளினாங்க. அழைப்பை யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க, அதைவிடக் கேவலம் இல்ல. ஆனா வாயைத் திறந்தாச்சு, இனிமே மூட முடியல. எல்லாத்தையும் கொட்டிட்டேன். பஸ்ஸுல எனக்கு மட்டும் கார்டு தரல, நீ என்னை விட்டுட்டன்னு நினைச்சேன், வேணும்னுதான் போனை அணைச்சேன், வேணும்னுதான் தங்காக் போனேன், உன் முதுகையே ஆறு வருஷமாப் பாக்கிறேன், ஒரு நாளாவது திரும்பிப் பாத்திருக்கியாடி? ஜாக்கெட்டைக்கூட விடல, அதையும் கேட்டேன்!

அவ வெடிச்சா. "திரும்பிப் பாத்துக்கிட்டு நின்னா உனக்கு யாருடி சீட்டு பிடிக்கிறது? பஸ்ஸுல குடுக்கிறது பஸ் ஆளுங்களுக்கு! நீ என்ன பஸ் ஆளா? என் மனசுல என்ன இருக்குன்னு நீயா நினைச்சுக்கிட்ட, ஒரு தடவை உன் வாயைத் திறந்து கேட்டியா? ஒரு மணி நேரம் உன் வீட்டு வாசல்ல காத்துக் கிடந்தேன். நீ எங்களை வேணாம்னுட்டன்னு நினைச்சேன். இறங்கும்போது எங்க அம்மா மூஞ்சியை என்னால பாக்க முடியல."

அந்தக் கடைசி வார்த்தை என்னை அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நான் நின்னிருக்கேன், எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு. அதையே அவளுக்குச் செஞ்சிருக்கேன். என்னை யாரு விட்டுட்டுப் போவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்ததுல, நான் விட்டுட்டுப் போனவங்க மூஞ்சியை ஒரு தடவைகூடப் பாக்கல.

"மன்னிச்சிடுங்க ஆன்ட்டி, மன்னிச்சிடுங்க அங்கிள். அந்தத் தட்டை இப்ப எங்களுக்குக் கொடுங்க"ன்னு கையை நீட்டினேன்.

அவ அம்மா தாம்பாளத்தைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. "கொடுக்க மாட்டேன்"னாங்க.

காது சூடாச்சு. பாத்தியா, வேணாம்னுட்டாங்க, எந்திரி, போயிடு, இனிமே இந்தப் பக்கம் வராதன்னு உள்ளேர்ந்து ஒரே சத்தம். கால் வாசல் பக்கம் திரும்பியே போச்சு. அப்போதான், என் வாழ்க்கையில முதல் தடவையா, நான் மூஞ்சியைப் படிக்காம ஒரு கேள்வி கேட்டேன்.

"ஏன் ஆன்ட்டி?"

ரெண்டே வார்த்தை.

"வந்த இடத்துல வச்சுக் கொடுத்தா அது அழைப்பாம்மா?"ன்னாங்க அவங்க. "அடுத்த ஞாயிறும் நல்ல நாள்தான். உன் வீட்டுக்கு வந்து, உன் வாசல்ல வச்சுத்தான் கொடுப்பேன். வீட்டுல இருப்பதானே?"

"நாலு மாடி மறுபடியும் ஏறப்போறது நானு!"ன்னு அங்கிள் தைலக் கையைத் தூக்கிக் கத்தினாரு. எங்க அம்மா முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் அவ சிரிச்சா, மூக்கை டி-ஷர்ட்டுல துடைச்சிக்கிட்டு. நான் அவ தோள்ல சாஞ்சு ஓன்னு அழுதேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு!

அடுத்த ஞாயிறு லிஃப்ட் அப்படியேதான் கெட்டுக் கிடந்துச்சு. நான் காலையில எட்டு மணிக்கே கீழ போய் நின்னுட்டேன். மக்சிக் வீட்டுலேர்ந்து நாலு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, ஒவ்வொரு மாடித் திருப்பத்துலயும் ஒண்ணு போட்டு வச்சேன். அங்கிள் ஒவ்வொண்ணுலயும் ராஜா மாதிரி உக்காந்து எந்திரிச்சு வந்தாரு. மேல ஆன்ட்டி தட்டை எங்க அம்மா கையில கொடுத்து, என் நெத்தியில குங்குமம் வச்சாங்க. தட்டுல கார்டுக்குக் கீழ ஒரு அரக்குப் பட்டு. அதுக்கு மேல தச்சு முடிச்ச ஜாக்கெட். அதுக்கும் மேல, அழகா மடிச்சு, என்னோட பழைய பச்சை ஜாக்கெட்!

"அளவுக்கு வேணும்னு சொன்னா நீ கண்டுபிடிச்சிடுவன்னுதான் மாதிரிக்குன்னு பொய் சொன்னேன்"னா அவ. "தோழி வேற யாருடி? போட்டுப் பாரு."

கல்யாணத்துல நான்தான் அவ பக்கத்துல நின்னேன். அரக்குப் பட்டுல. முந்தானையைச் சரி பண்ணி, வேர்வையைத் துடைச்சு, நலுங்குல தெரியாம அவ காலை மிதிச்சு, எல்லாம் பண்ணேன். சாப்பாடு முடிஞ்சு, மெர்சிங் போற கார் மண்டப வாசல்ல வந்து நின்னுச்சு. எல்லாரையும் கட்டிப்பிடிச்சு அழுதுட்டு அவ ஏறினா. கார் கிளம்புச்சு. நான் பின் கண்ணாடியையே பாக்கிறேன். பூ வச்ச தலை தெரியுது. இன்னைக்காவது திரும்புவாளா? கார் ரோட்டுக்கு ஏறுது, சிக்னல் போடுது, வளையுது.

திரும்பல.

காது சூடாக ஆரம்பிச்சுச்சு. அது அவ்வளவு சீக்கிரம் போற வியாதி இல்ல. நான் போனை எடுத்து உடனே அடிச்சேன். முதல் மணியிலயே எடுத்துட்டா.

"ஏன்டி திரும்பிப் பாக்கல?"

"திரும்பியிருந்தா கதவைத் திறந்து குதிச்சிருப்பேன்டி மடச்சி! மாப்பிள்ளை மட்டும்தான் மெர்சிங் போய்ச் சேந்திருப்பாரு." அவ குரல் உடைஞ்சுச்சு. பின்னாடி மாப்பிள்ளை யாரு யாருன்னு கேக்கிறது கேட்டுச்சு.

போனை வச்சேன். எங்க அம்மா பக்கத்துல நின்னு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "என்ன சொல்றா?"

"கடைக்குப் போயிருக்காளாம், அம்மா"ன்னேன். "வந்துடுவாளாம்."

அம்மா என் முதுகுல ஒண்ணு வச்சாங்க. சிரிச்சாங்க. அப்புறம் புடவைத் தலைப்பை எடுத்து, முதல்ல என் கண்ணைத் துடைச்சு, அதுக்கப்புறம் தன் கண்ணைத் துடைச்சிக்கிட்டாங்க.